பார்ட்டி கணக்கு எடுக்கறப்ப மட்டும் எடைமேடை கம்ப்யூட்டர் விழுது: இன்டரப்ட், பேஜிங் தெரிஞ்சவங்க பாருங்க

எடைமேடைக்காரி:

வணக்கம். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவுல ரோட்டோரமா ஒரு எடைமேடையில சீட்டு போடறேன். நான் பிசிஏ படிச்சிருக்கேன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேரும் என் தலையிலதான். இப்ப மாங்கா சீசன். ராத்திரி பத்து வரைக்கும் பெங்களூரா லோடு வரிசைகட்டி நிக்குது. கூழ் ஃபேக்டரிக்குப் போற வண்டில பாதி எங்க மேடை ஏறி இறங்கித்தான் போவுது.

மெஷின் பழைய பென்டியம், 8 எம்பி ரேம், டாஸ் 6.22. சாஃப்ட்வேர் எங்க பெரியப்பா 2001ல டிஜேஜிபிபில (டாஸுக்கான சி கம்பைலர்) எழுதினது. மேடை இண்டிகேட்டர்லேர்ந்து எடை 2400 பாட் வேகத்துல காம் ஒண்ணு சீரியல் போர்ட்டுக்கு நிறுத்தாம வந்துட்டே இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஐஆர்க்யூ 4ங்கற இன்டரப்ட் அடிக்கும், அதாவது சிபியு கை வேலையை விட்டுட்டு ஹேண்ட்லர்ங்கற குட்டி ஃபங்ஷனை ஓட்டும், அது எழுத்தை எடுத்து பஃபர்ல போடும். அவ்வளவுதான்.

சீட்டு போடறப்ப ஒரு தொந்தரவும் இல்ல. ராத்திரி கடைசியா பார்ட்டிவாரியா கணக்கு எடுக்கறேன் பாருங்க, அப்பத்தான் விழுது. சில நாள் 'பேஜ் ஃபால்ட் இன் ஆர்எம்சிபி'ன்னு ஒரு வரி, கீழ ரிஜிஸ்டர் நம்பருங்க. சில நாள் அதுகூட இல்ல, ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு கிடக்கும். ரீசெட் தட்டணும். போன சீசன்ல மொத்தமே ரெண்டு தடவ. இந்த வருஷம் வாரத்துக்கு நாலு தடவ.

செஞ்சு பாத்தது: எஸ்எம்பிஎஸ் மாத்தியாச்சு. ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேச்சு மாட்டியாச்சு. சீரியல் கேபிள் புதுசு. எர்த் குழில உப்பும் கரியும் போட்டு நாலு குடம் தண்ணி ஊத்தியாச்சு. ரிப்பேருக்கு வந்தவர் "பக்கத்து பட்டறையில வெல்டிங் அடிக்கறாங்கல்ல, அதான்"னுட்டுப் போய்ட்டார். பக்கத்துல லாரி பாடி கட்டற பட்டறை இருக்கு. அவங்ககிட்ட போய் சண்டையும் போட்டாச்சு.

இன்டரப்ட் ஹேண்ட்லர் தொடற மெமரியை லாக் பண்ணணும், அதாவது டிஸ்க்குக்குத் தள்ளாம ரேம்லயே நிறுத்தணும்னு தெரியும். பெரியப்பா பண்ணித்தான் வெச்சிருக்கார், ஹேண்ட்லருக்கு லாக் கோட், பஃபருக்கு லாக் டேட்டா. பக்கத்துல 'லாக் பண்ணியாச்சு, இனி விழாது'ன்னு கமெண்ட் வேற. அப்புறம் ஏன் விழுது? அவரைக் கேக்க முடியாது, தவறி ஆறு வருஷம் ஆச்சு.

புரோகிராம் வரிங்களை இங்க ஒட்ட வழியில்ல. அந்த மெஷின்ல நெட் கிடையாது, போன்லதான் தட்டறேன். பேருங்களை தமிழ்லயே படிச்சுக்குங்க.

சும்மாதான்கேட்டேன்:

டாஸா? மியூசியத்துல குடுத்துட்டு ஒரு செகண்ட்ஸ் லேப்டாப் வாங்கிப் போடுங்க. இதுக்கெல்லாம் உக்காந்து மண்டைய உடைச்சுக்கறதா?

எடைமேடைக்காரி:

வாங்கிக் குடுத்தா நாளைக்கே போடறேன்ங்க. ஓனர் லோட் செல்லுக்குன்னா யோசிக்காம பணம் எடுப்பார், கம்ப்யூட்டருக்குன்னா "அதான் எழுதுதே"ம்பார். சீசன் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுவரைக்கும் விழாம இருந்தா போதும்.

பழைய486:

தங்கச்சி, அந்த ஒரு வரி வந்ததே, அதுவே ஜாதகம். ஆர்எம்சிபின்னா ரியல் மோட் கால்பேக். டாஸ் ஓடறது ரியல் மோட், உன் புரோகிராம் ஓடறது ப்ரொடெக்டட் மோட். டாஸ் பக்கம் வேலை நடந்துட்டிருக்கறப்ப இன்டரப்ட் வந்து, அது உன் ப்ரொடெக்டட் மோட் ஹேண்ட்லருக்குத் தாவி, அங்க ரேம்ல இல்லாத ஒரு பக்கத்தைத் தொட்டிருக்கு. லாக்ல எங்கயோ ஓட்டை இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். எர்த் குழியைத் தோண்டினவரை விட்டுடு, பாவம்.

எப்படி விழுதுன்னு சொல்றேன். உன் புரோகிராமுக்கு மெமரி பாத்துக்கற சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ, ரேம் பத்தலைன்னா 4096 பைட் பக்கம் பக்கமா ஹார்ட் டிஸ்க்குல ஸ்வாப் ஃபைலுக்குத் தள்ளும். தள்ளினதைத் திரும்ப எடுக்க அது டாஸைத்தான் கூப்பிடணும், ஃபைல் படிக்க அதுக்கு வேற வழி கிடையாது. டாஸோ ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும், நடுவுல இன்னொரு தடவ கூப்பிட்டா குழம்பிடும். இப்ப உன் மெயின் புரோகிராம் ஒரு பக்கத்தைக் கேட்டு டாஸ் டிஸ்க்கைப் படிச்சுட்டிருக்குன்னு வை. அந்த நேரம் பாத்து இண்டிகேட்டர்லேர்ந்து ஒரு எழுத்து. ஹேண்ட்லர் ஓடுது, அது தொடற பக்கமும் டிஸ்க்குல கிடக்கு. அதை எடுக்க மறுபடி டாஸ். முடிஞ்சது.

2400 பாட்ல செகண்டுக்கு 240 எழுத்து, நாலு மில்லிசெகண்டுக்கு ஒண்ணு. டிஸ்க்கை ஒரு தடவ படிக்கறதுக்குள்ள ரெண்டு மூணு இன்டரப்ட் வந்து போயிடும். ஸ்வாப் ஓட ஆரம்பிச்சா தப்பிக்கவே முடியாது.

எனக்கு ரெண்டு விவரம் வேணும். ஒண்ணு, பஃபரை எப்படி டிக்ளேர் பண்ணியிருக்கார், லாக் வரி எப்படி இருக்கு, எழுத்து விடாம சொல்லு. ரெண்டு, அந்தக் கணக்கு எடுக்கறப்ப என்ன நடக்குது? எத்தனை சீட்டு, ஒரு சீட்டு எத்தனை பைட்?

எடைமேடைக்காரி:

பஃபர் ஒரு கேரக்டர் பாயின்டர் (மெமரில இடம் எங்கன்னு மட்டும் காட்டற வேரியபிள்), பேரு ஆர்பஃப். ஆரம்பத்துலயே 16384 பைட்டுக்கு மல்லாக், அதாவது ஓடறப்ப இடம் கேட்டு வாங்கறது. அடுத்த வரி லாக் டேட்டா, உள்ள அன்ட் ஆர்பஃப், கமா, சைஸ்ஆஃப் ஆர்பஃப். ஹேண்ட்லருக்குக் கீழ ஒரு காலி ஃபங்ஷன் எழுதி, அதோட அட்ரஸ்லேர்ந்து ஹேண்ட்லர் அட்ரஸைக் கழிச்சு அந்த அளவுக்கு லாக் கோட்.

ரிப்போர்ட்டுக்கு 2001லேர்ந்து இருக்கற எல்லா சீட்டையும் மெமரில ஏத்தி, கியூசார்ட்ல பார்ட்டி பேர் வரிசைக்கு அடுக்குது. இன்னிக்கு எண்ணிப் பாத்தேன், 63 ஆயிரத்துச் சொச்சம். ஒண்ணு 128 பைட்.

பழைய486:

கெடச்சுது. ரெண்டுமே.

சீட்டுக் கணக்கை முதல்ல பாரு. 63,000 இன்டு 128, அதுவே 80 லட்சம் பைட். உன் ரேம் மொத்தம் 83 லட்சத்து 88 ஆயிரம். டாஸும் புரோகிராமும் போக மீதி எங்க பத்தும்? பெரியப்பா காலத்துல இது பாதிகூட இருந்திருக்காது. போன வருஷம்தான் விளிம்பைத் தொட்டிருக்கு, இந்த வருஷம் வழியுது. அவர் கோடுல தப்பு 2001லயே இருந்தது, ஸ்வாப் ஓடாததால வெளிய வரல. அதுலயும் கியூசார்ட் மெமரி முழுக்க முன்னும் பின்னும் தாவும், டிஸ்க்குக்கு ஓயாத வேலை.

இப்ப லாக். அன்ட் ஆர்பஃப்னா பாயின்டரோட அட்ரஸ். சைஸ்ஆஃப் ஆர்பஃப்னா பாயின்டரோட அளவு, 4 பைட். வீட்டுச் சாவியைப் பெட்டில வெச்சுப் பூட்டிட்டு வீட்டைத் திறந்து போட்டிருக்கார். பாயின்டர் இருக்கற பக்கம் ரேம்ல பத்திரமா இருக்கு. அது காட்டற 16384 பைட்டுக்கு யாரும் காவல் இல்ல.

இங்க ஒரு கேள்வி வரணும். வருதா? நாலு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ தொடற பஃபரைப் போய் ஏன் ஸ்வாப்ல தள்ளணும்? கணக்கு போட்டுப் பாரு. ஹேண்ட்லர் ஒரு நேரத்துல ஒரு பக்கத்துலதான் எழுதுது. செகண்டுக்கு 240 பைட்னா ஒரு பக்கம் நிறையறதுக்கு 17 செகண்ட். கடைசிக்கு வந்தா மறுபடி முதல்லேர்ந்து எழுதும், அப்படி வட்டம் முழுசா சுத்தி வர 68 செகண்ட். ஒரு பக்கம் நிறையற வரைக்கும் மத்த பக்கம் எல்லாம் தொடுவாரில்லாம கிடக்கும். ரேம் நெருக்கடில அதைத்தான் தள்ளும். ஹேண்ட்லர் அடுத்த பக்கத்துல கால் வைக்கற அந்த ஒரு எழுத்துலதான் வெடிக்குது.

செய்ய வேண்டியது. மல்லாக்கைத் தூக்கு. 256 பைட்டுக்கு ஒரு ஸ்டாட்டிக் அரே (அளவை புரோகிராம்லயே எழுதி வெக்கற இடம்) போதும், லாரி எடைக்குக் கடைசியா வந்த நம்பர்தானே வேணும், 16384 எதுக்கு? அரேன்னா சைஸ்ஆஃப் முழு அளவைத் தரும், லாக் சரியா விழும். பஃபர்ல எழுதற இடம், படிக்கற இடம் காட்டற ஹெட், டெயில் ரெண்டையும் தனித்தனியா லாக் பண்ணு, வோலடைல் (நடுவுல மாறும்னு கம்பைலருக்குச் சொல்றது) போட மறக்காத. லாக் ஃபங்ஷன் ஜீரோ தராம மைனஸ் ஒண்ணு தந்தா லாக் ஆகலைன்னு அர்த்தம். அதைப் பாக்காம விடறவங்கதான் நிறைய.

அந்தக் காலி ஃபங்ஷன் கழித்தல் வித்தை பழைய ஜிசிசி கம்பைலர்ல நல்லா வேலை செய்யும். புது ஜிசிசில ஏத்தினா ஜாக்கிரதை, அது ஃபங்ஷனுங்களை இடம் மாத்திப் போடும். கழிச்சா மைனஸ் வரும், அன்சைன்ட்ல அது பூதாகாரமா ஆகி லாக்கே நடக்காது. 4.2லேர்ந்து 'நோ டாப்லெவல் ரீஆர்டர்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது வரிசையைக் கலைக்காது. நான் சோம்பேறி, ஹேண்ட்லர் ஆரம்பத்துலேர்ந்து 4096 பைட்னு போட்டுடுவேன். கூடுதலா பூட்டினா யாருக்கும் நஷ்டமில்ல.

ஓசூர்க்காரன்:

குறுக்க வரேன். நான் விண்டோஸ் டிரைவர் எழுதற ஆளு, டாஸ் தொட்டதே இல்ல. ஆனா இதே வியாதி எங்க பக்கமும் இருக்கு. மெமரி கேக்கறப்பவே டிஸ்க்குக்குப் போகக்கூடிய பேஜ்டு பூலா, எப்பவும் ரேம்லயே இருக்கற நான்பேஜ்டு பூலான்னு சொல்லணும். இன்டரப்ட் நேரத்துல பேஜ்டு பூலைத் தொட்டா அந்தப் பக்கம் ரேம்ல இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இல்லாத அன்னிக்கு நீல ஸ்கிரீன், 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. ஆபீஸ்ல 16 ஜிபி மெஷின்ல ஆறு மாசம் ஓடும், கஸ்டமர் இடத்துல முதல் நாளே விழும். லினக்ஸ்ல கர்னல் மெமரியை ஸ்வாப்ல தள்றதே இல்ல, அதனால ஹேண்ட்லருக்கு இந்த பயம் கிடையாது. யூசர் புரோகிராம் நேரம் தவறாம ஓடணும்னாதான் அதோட மெமரி முழுக்க லாக் பண்ற எம்லாக்ஆல் போடுவோம்.

ஒரு சந்தேகம். அவங்க டிபிஎம்ஐல ஸ்வாப்பையே நிறுத்திட்டா போச்சே?

பழைய486:

நிறுத்தலாம். சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐக்கு மைனஸ் எஸ் மைனஸ்னு குடுத்தா ஸ்வாப் கிடையாது. சிடபிள்யூஎஸ்டிபிஆர்0ன்னு ரிங் ஜீரோல ஓடற தம்பி ஒருத்தன் இருக்கான், அவனுக்கு வர்ச்சுவல் மெமரியே, அதாவது ஸ்வாப்பே தெரியாது. ஸ்டார்ட்அப் ஃபிளாக்ல லாக் மெமரி போட்டா எடுக்கற மெமரி எல்லாம் எடுக்கறப்பவே லாக் ஆயிடும். மூணுலயும் சிக்கல் ஒண்ணுதான். தங்கச்சி ரிப்போர்ட் ரேமுக்குள்ள அடங்காது, மல்லாக் 'இடம் இல்ல'ன்னு நல் தரும். 2001 கோடுல நல்லைப் பாத்திருப்பாங்களா?

எடைமேடைக்காரி:

பாக்கல. தேடிட்டேன், ஒரு இடத்துலயும் இல்ல.

ரேம் கூட்டலாம்னு பெங்களூர் எஸ்பி ரோட்டுல இருக்கற சொந்தக்காரப் பையன்கிட்ட 72 பின் சிம் இருக்கான்னு கேட்டேன். ஏர்டெல்லா ஜியோவான்னு கேக்கறான். விட்டுட்டேன்.

அண்ணா சொன்ன மாதிரி அரேயா மாத்தி, ஹெட் டெயில் எல்லாம் லாக் பண்ணி, ரிட்டர்ன் வேல்யூ பாத்து ஏத்திட்டேன். முந்தாநேத்து ராத்திரியும் நேத்தும் ரிப்போர்ட் எடுத்தேன், டிஸ்க் லைட் கபகபன்னு எரிஞ்சுது, விழல. ரொம்ப நன்றிண்ணா.

எடைமேடைக்காரி:

நன்றியைப் பாதி வாபஸ் வாங்கிக்கறேன். இன்னிக்கு சாயங்காலம் விழுந்துடுச்சு. அதே ஆர்எம்சிபி.

ஓனர் கேட்டாருன்னு ஆறரை மணிக்கே கணக்கு எடுத்தேன். பட்டறையில வெல்டிங் பளிச் பளிச்னு அடிச்சிட்டிருந்தது. மத்த ரெண்டு நாள் ராத்திரி பத்துக்கு மேல, பட்டறை பூட்டியிருந்தது. அப்ப ரிப்பேர்காரர் சொன்னதுதான் சரியா?

பழைய486:

அவர் சொன்னதும் தப்பில்ல, நான் சொன்னதும் தப்பில்ல. ஹேண்ட்லர்ல லைன் ஸ்டேட்டஸ் பாக்கறாரா? எழுத்து சிதைஞ்சு வந்துச்சான்னு சொல்ற 3எஃப்டி போர்ட்டைப் படிச்சு ஃப்ரேமிங் எரர், பாரிட்டி எரர்னு ஏதாவது வழி பிரியுதா? பிரிஞ்சா அந்த வழில என்ன எழுதியிருக்கார்னு பாரு. எப்பவாவது ஒரு நாள் ஓடற கோடுதான் ஸ்வாப்புக்கு முதல்ல போகும்.

எடைமேடைக்காரி:

அண்ணா!

எரர் வந்தா 'லைன் கோளாறு'ன்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுது. அது வேற ஃபைல்ல இருக்கு, லாக்கே கிடையாது. உள்ள ஸ்பிரின்ட்எஃப்ங்கற லைப்ரரி ஃபங்ஷனைப் போட்டு, நேரம், எரர் நம்பர் எல்லாம் சேத்து ஒரு மெசேஜ் கட்டி வெக்குது. வெல்டிங் அடிச்சா கேபிள்ல இரைச்சல், இரைச்சல் வந்தா ஃப்ரேமிங் எரர், எரர் வந்தா இந்த ஃபங்ஷன். வழக்கமா அது ரேம்ல இருக்கும், மெசேஜ் கட்டிட்டு கம்முனு போயிடும். ரிப்போர்ட் ஓடறப்ப மட்டும் இருக்காது.

ஸ்பிரின்ட்எஃப்பை எப்படி லாக் பண்றது?

பழைய486:

பண்ண முடியாது. அது எத்தனை பைட், உள்ள இன்னும் எந்தெந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஹேண்ட்லர்ல லைப்ரரி வேலையே ஆகாது. எழுத்து நம்பரான்னு மட்டும் பாக்கற, பாக்க அப்பாவியா இருக்கற இஸ்டிஜிட்கூட லைப்ரரில இருக்கற ஒரு டேபிளை எட்டிப் பாக்கும், அந்த டேபிளை நீ லாக் பண்ணியிருக்க மாட்ட. மெசேஜைத் தூக்கிட்டு ஒரு கவுன்டர் வை, எரர் வந்தா ஒண்ணு கூட்டு, அவ்வளவுதான். கவுன்டரை லாக் பண்ணு. மெசேஜ் கட்டறது, எடையைப் பிரிச்சுப் படிக்கறது எல்லாம் மெயின் லூப்புக்குப் போகட்டும்.

சோதிக்க வெல்டிங்குக்குக் காத்திருக்காத. 12 எம்பி மல்லாக் பண்ணி 4096க்கு ஒரு பைட் எழுதிக்கிட்டே சுத்தற லூப் ஒண்ணை புரோகிராமுக்குள்ளயே வை, ஸ்வாப் தானா ஓடும். இண்டிகேட்டர் மெனுல பாட் ரேட்டை 1200க்கு மாத்திடு, கம்ப்யூட்டர் 2400லயே இருக்கட்டும். ஃப்ரேமிங் எரர் ஓயாம கொட்டும். பழைய கோடுல முதல்ல பண்ணிப் பாரு. அது விழலைன்னா உன் சோதனையே சரியில்லைன்னு அர்த்தம்.

எடைமேடைக்காரி:

ஞாயித்துக்கிழமை மத்தியானம் லோடு இல்லாத நேரமா பாத்து பண்ணினேன். பழைய கோடு: லூப் ஆரம்பிச்சு நான் டம்ளரை எடுக்கறதுக்குள்ள விழுந்துடுச்சு. திரும்பவும் பண்ணினேன், திரும்பவும். புது கோடு: நாப்பது நிமிஷம் ஓட விட்டேன். கவுன்டர் பல்லாயிரத்துக்கு ஏறிடுச்சு, மெஷின் அசையல. அப்புறம் பாட் ரேட்டை 2400க்கு மாத்த மறந்துட்டேன். முதல் லாரி ஏறினப்ப ஸ்கிரீன்ல எடைக்குப் பதிலா கிறுக்கல். டிரைவர் என்னை ஒரு மாதிரி பாத்தார்.

இந்த வாரம் முழுக்க வெல்டிங் நேரத்துலயே வேணும்னு கணக்கு எடுத்தேன். ஆறு நாள், ஆறு ரிப்போர்ட். கவுன்டர்ல ஒரு நாள் 3, ஒரு நாள் 11. இரைச்சல் வருது, மெஷின் பாட்டுக்கு ஓடுது. சீசன் முடிஞ்சதும் சீட்டு ஃபைலை வருஷவாரியா பிரிச்சுடுவேன், பதினெட்டு வருஷத்துக்கு முந்தின மாங்கா எடை யாருக்கு வேணும்?

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பட்டறைக்காரர்கிட்ட நாலு பேர் முன்னாடி கத்திட்டேன். மன்னிப்பு கேக்கணுமா?

பழைய486:

இரைச்சல் அவருது, லாக் உங்க பெரியப்பாது. பாதி மன்னிப்பு கேளு. பாதி மாம்பழமா குடுத்துடு.

சும்மாதான்கேட்டேன்:

மாம்பழம் எனக்கும் வேணும்.